கிடாவைக் கட்டிய ஆவணி

எங்கள் ஊரில் ஆட்டைக் கட்டிப்போடவும் அவிழ்த்துவிடவும் சாமியிடம் உத்தரவு வாங்க வேண்டும். சிரிக்காதீர்கள். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் இன்னும் மேலே ஏறினால் வருகிற எங்கள் ஊரில் இதுதான் சட்டம்.

ஆனி மாதத் திருவிழாவில் ஒரு கிடாவைக் காளியம்மனுக்கு நேர்ந்து, அதன் கழுத்தில் வெண்கல மணி மாட்டி, கோயில் முன்னால் நிற்கும் புங்க மரத்தில் ஊர்க்கவுண்டர் கட்டுவார். அந்தக் கிடா கட்டில் இருக்கிற வரை ஊரில் ஒரு ஆடும் அவிழ்ந்து திரியக் கூடாது. கட்டியே வைத்துத் தழை வெட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் ஆள் கூடவே போய் மேய்க்க வேண்டும். கட்டு போட்ட பிறகுதான் சாமை விதைப்பார்கள். அறுப்பு முடிந்து கொல்லைகள், அதாவது எங்கள் மானாவாரி நிலங்கள், காலியானதும் கிடாவை அவிழ்ப்பார். அதற்கப்புறம் ஆடுகளுக்கு ஊரே சொந்தம். தை மாதம் கிடாவை வெட்டி வீட்டுக்கு ஒரு பங்கு கறி.

மழை சொன்ன மாதத்தில் வந்த காலத்துக்கு இது அருமையான சட்டம். வேலி போட வக்கில்லாத ஊருக்கு இதைவிடப் பெரிய வேலி கிடையாது. சட்டம் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் மழை இந்தச் சட்டத்தை மதிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஊருக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

நான் திருப்பத்தூரில் விடுதியில் தங்கி பி.ஏ. புவியியல் படித்தவள். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நீல அம்பு, வடகிழக்குக்குப் பச்சை அம்பு என்று கலர் பென்சிலில் வரைந்து முழு மார்க் வாங்கியவள். அந்த அம்புகளில் ஒன்றுகூட எங்கள் கொல்லைக்கு வழி தெரிந்து வரவில்லை. கல்லூரியில் ஒரு தடவை சிறுதானிய விழா நடத்தினார்கள். சாமையில் கேக், சாமையில் பாயசம், சாமையைப் பற்றிக் கோட் போட்ட ஒருவரின் பேச்சு. "சாமை வறட்சியைத் தாங்கும் பயிர், மாறும் காலநிலைக்கு இதுவே விடை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, "விதைத்த பிறகு மழை வராவிட்டால் சாமையும் சாகும் சார், அது ஒன்றும் ரப்பர் செடி இல்லை" என்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரும் முன் கேக்கை மட்டும் சாப்பிட்டேன்; அதுவும் நன்றாக இல்லை.

படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டு வீட்டில் கிடந்த வருடம் அது. அப்பா வழக்கம்போலக் குடகில் காபித் தோட்டத்துக்குப் போயிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்.

சித்திரையில் இடியோடு கொட்டியது. மண் வெண்ணெய் மாதிரி இருந்தது. அப்போதே விதைத்திருக்கலாம். ஆனால் திருவிழா ஆனியில்தானே? ஆடுகள் ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. ஈரத்தைக் காயவிட்டு வேடிக்கை பார்த்தோம். ஆனி வந்தது, கிடா கட்டினார்கள், ஊரே விதைத்தது, நாங்களும் விதைத்தோம். மேலாக ஒரு தூறல் போட்டது, முளைத்தது. அதோடு மழை கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. ஆடிக்காற்று மட்டும் வந்து நாய் மாதிரி ஊளையிட்டது. என் செல்போனில் இருந்த வானிலை ஆப் தினமும் குடைப் படம் காட்டியது. கீழே சமவெளிக்குக் காட்டுவதையே மலைக்கும் காட்டுகிற சோம்பேறி ஆப். கோபத்தில் அழித்தேன். ஆசையில் மறுபடி இறக்கினேன். பயிர் கருகி, காலில் மிதித்தால் நொறுங்கியது.

ஊர் கூடியது. எங்கள் ஊர்க்கவுண்டர் என் அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன். எனக்குப் பெரியப்பா. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு கள்ளி வேலிதான். ஊரில் அதிக ஆடு வைத்திருப்பவரும் அவர்தான்.

புங்க மரத்தடியில் நின்று, கிடாவை அவிழ்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"ஊர்க் கொல்லையில பச்சை கீதா?"

"இல்ல" என்றது கூட்டம்.

"பச்சை இல்லாத ஊர்ல கிடாவுக்குக் கட்டு இல்ல."

தேங்காய் உடைத்து முடிச்சை அவிழ்த்தார். அறுப்பு முடிந்து நிறைந்த வயிற்றோடு கேட்க வேண்டிய கேள்வி அது. கருகிய கொல்லையைப் பார்த்துக்கொண்டே கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மணியை ஆட்டிக்கொண்டு கிடா போனது. பின்னாலேயே ஊர் ஆடுகள் எல்லாம் கல்லூரி விட்டது மாதிரி கிளம்பிப் போயின.

ஆவணியில் மழை திரும்பி வந்தது. எதுவுமே நடக்காத மாதிரி, தப்பே செய்யாத மாதிரி, மூன்று நாள் விடாமல் வந்தது.

ஊரில் யாரிடமும் விதை இல்லை. இருந்ததையெல்லாம் ஆனியில் மண்ணில் போட்டுத் தொலைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு தொம்பை உண்டு. மூங்கிலில் முடைந்து சாணமும் மண்ணும் பூசிய, ஆள் உயரத் தானியக் கூடை. அது காலி என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா உள்ளே கையை விட்டுத் துழாவி, ஒரு பிடி எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"சிட்டஞ்சாமை. பாதி வெதைய வச்சிகினேன்."

சிட்டஞ்சாமை என்றால் குட்டைச் சாமை. மூன்று மாதத்தில் கதிர் முற்றிவிடும். ஆவணியில் போட்டாலும் கார்த்திகையில் அறுக்கலாம்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா செல்லுல ஸ்டேட்டஸ் போட்டுருப்ப."

அது உண்மைதான், விடுங்கள். விஷயம் இதுதான்: அந்தப் பிடிகளைத் தவிர எங்கள் ஊரில் வேறு சாமை விதை இல்லை. மலையடிவாரக் கடைகளில் விற்கிற விதை எங்கள் சரிவில் வளர்ந்து முட்டிக்கால் உயரத்தில் நின்று முறைக்குமே தவிரக் கதிர் தள்ளாது. முன்பே பட்டிருக்கிறோம். தொம்பையில் இருந்ததை அடுத்த வருடத்துக்கு வைத்தால் பூச்சி அடித்து முளைப்பு குறையும். விதைத்தால் ஒன்றுக்குப் பத்தாகத் திரும்பலாம், அல்லது முழுசாகப் போகலாம். போனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சாமை என்ற பேச்சே இல்லை.

அம்மா விதைக்கலாம் என்றாள். ஆனால் ஆடுகள் அவிழ்ந்து கிடந்தன. கட்டு இல்லாத நாளில் கொல்லையை ஆடு மேய்ந்தால் யாரையும் கேட்க முடியாது, விதைத்தவள்தான் மடச்சி.

நான் வேலியைத் தாண்டிப் போனேன். பெரியப்பா ஒரு ஆட்டின் காலைப் பிடித்துக் குளம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, கிடாவத் திரும்பக் கட்டுங்க. நாங்க வெதைக்கப் போறோம்."

தலையைத் தூக்கவில்லை. "இன்னாமே, காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? வருசத்துக்கு ஒரு தபாதான் கட்டு. அம்மன் இன்னா உன் செல்போனா, ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்கு?"

"மழ ரெண்டு தபா வந்துகீதே. அதுகிட்டப் போய்ச் சொல்லுங்க வருசத்துக்கு ஒரு தபான்னு."

"மழய நம்பி நீ வெதை. ஆட்ட நம்பி நான் கீறேன். தீபாவளிக்கு வியாபாரி வண்டியோட வருவான். இப்பக் கட்டிப்போட்டா எலும்பும் தோலுமா நிக்கும். தழ வெட்டிப் போட நீ வருவியா, நகத்துல பாலிஷ் போட்டுகினு?"

"அப்ப சோத்துக்கு இன்னா பண்ணுவீங்க?"

"ரேஷன்ல போடறான், துன்னு. சாமை துன்னாத்தான் உனக்கு உயிர் நிக்குமா?"

உள்ளேயிருந்து பெரியம்மா குரல் வந்தது. "டவுன்ல பரோட்டா துன்னு வளந்தவ, இப்ப சாமைக்கு அழுவுறா பாரு!"

எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மழை ஏமாற்ற ஏமாற்ற ஊர் மெல்ல மெல்லக் கொல்லையை விட்டு ஆட்டுக்கு மாறியிருந்தது. பயிர் கருகினால் போயிற்று, ஆடு கருகாது. தழை தின்று நிற்கும், விற்றால் வீட்டுக்கு அரிசி வரும். ஆடு இல்லாத எங்களுக்குத்தான் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு தடவை ஆடுகள் வாங்கினோம், செத்துப்போயின, அது வேறு கதை.

நாங்கள் விதைத்தோம். அப்பா போனில் கத்தினார். "வம்பு எதுக்கு? அவரு என் அண்ணன்."

"உன் அண்ணனோட ஆட்டுகிட்ட அதச் சொல்லு நைனா" என்று வைத்துவிட்டேன்.

கொல்லை மேடு தாண்டி இருக்கிறது. சுற்றிலும் உண்ணி முள்ளை வெட்டிப் போட்டோம். கையெல்லாம் கீறல். முளைத்ததும் அம்மாவும் நானும் கம்பும் கல்லுமாகக் காவல் இருந்தோம். சாதாரண ஆடுகளை விரட்டிவிடலாம். பிரச்சினை அந்தக் கிடா. நேர்ந்துவிட்ட கிடாவை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, ஊர்க்கவுண்டர் தவிர யாரும் கட்டக் கூடாது. அம்மன் நடந்து போகிற மாதிரி. அந்த நாய்க்குப் பிறந்த கிடாவுக்கும் இது தெரியும். மணியை ஆட்டிக்கொண்டு நேராக வந்து முள்ளைக் கொம்பால் தள்ளி வழி செய்யும். பின்னாலேயே மொத்தப் படையும் நுழையும்.

அம்மா கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "போ சாமி. எங்க வயித்துல அடிக்காத சாமி. போ."

சாமி அவளைப் பார்த்துக்கொண்டே எங்கள் முளையைக் கடித்து மென்றது. அதற்குள் நான் மற்ற ஆடுகளைக் கல்லால் அடித்து விரட்டினேன். ஒரு மூலை போய்விட்டது. என் அம்மா ஆட்டின் முன்னால் கை கூப்பி நிற்கிற அந்தக் காட்சிதான் எனக்குத் தாங்கவில்லை. சாமை போனதுகூட அப்புறம்தான்.

மறுநாள் வெயில் ஏறின நேரத்தில் நான் ஒரு கொத்து பலாத்தழையோடு மேட்டில் நின்றேன். பலாத்தழைக்கு ஆடு உயிரை விடும், சாமி கிடாவும் சேர்த்துதான். கிடா வந்தது. தழையைக் காட்டினேன். பின்னால் வந்தது. நான் நடந்தேன், அதுவும் நடந்தது. மேட்டை இறங்கி, ஓடையைத் தாண்டி, ஊர் நடுவில், எல்லோரும் பார்க்கப் பார்க்க, மணி ஆட ஆடக் கூட்டிக்கொண்டு போனேன். என்னவோ ஊர்வலம் என்று சிலர் எழுந்தே நின்றார்கள். புங்க மரத்தில் பழைய கயிறு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. தழையைக் கீழே போட்டேன். அது குனிந்ததும் கயிற்றை மாட்டி முடிச்சுப் போட்டேன்.

"ஐயையோ, சாமி கிடாவக் கட்டிட்டாடா!"

யார் கத்தினது என்று தெரியாது. ஊரே கூடிவிட்டது. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

"யார்டி உன்ன கட்டச் சொன்னது?"

"மழ சொல்லுச்சு."

"கைய வெட்டிப்புடுவேன்."

"வெட்டுங்க. கயித்த மட்டும் அவுக்காதீங்க."

கூட்டத்தில் ஒருவன், "பொம்பளப்புள்ள சாமி கிடாவத் தொட்டா இந்த ஊரு வெளங்குமா?" என்றான்.

"தொடாதப்ப மட்டும் ரொம்ப வெளங்குச்சு, பாத்தமே!" என்றேன்.

பெரியப்பா என்னைத் தள்ளிவிட்டு முடிச்சில் கை வைத்தார். அப்போதுதான் அம்மா வந்து சேர்ந்தாள். கொல்லையிலிருந்து ஓடி வந்ததில் முட்டி வரை சேறு. அம்மா அவர் முன்னால் நின்று பேசுகிறவளே இல்லை. தலை முந்தானையைச் சரிசெய்துவிட்டு ஒதுங்கிப் போகிறவள். அன்றைக்கும் முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள்.

"மாமா, அவுக்கறதுக்கு முன்ன கேக்க வேண்டியதக் கேளுங்க."

"இன்னா கேக்கணும்?"

"ஊர்க் கொல்லையில பச்சை கீதான்னு."

அவர் கை முடிச்சிலேயே நின்றது.

"கேளுங்க மாமா. கூட்டம் கீதே. கேளுங்க."

பச்சை இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு மூலை கடிபட்டு, மிச்சமெல்லாம் பச்சையாக. காலையில் அந்த வழியாகப் போன எல்லோரும் பார்த்திருந்தார்கள். பச்சை இருக்கிற ஊரில் கிடாவை அவிழ்த்தால் அம்மன் கண்ணைக் குத்தும் என்று சின்ன வயதிலிருந்து எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே பயமுறுத்தியவர்கள் அவர்கள்தான். பெரியப்பாவே அதைச் சொல்லித்தான் என்னைச் சோறு தின்ன வைத்திருக்கிறார்.

"ஒரு கொல்லை பச்சை ஊர் பச்சையா?" என்றார் கடைசியில்.

"எத்தினி கொல்லைன்னு அம்மன் சொல்லிகீதா மாமா?"

அவர் கையை எடுத்தார். என்னைப் பார்த்த பார்வையில் மரம் பட்டுப்போகும்.

"மொளச்சது காயட்டும், அன்னிக்கே அவுக்கறேன். அதுக்கப்பறம் உங்க ரெண்டு பேரு மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் முழிச்சிகினா கீறீங்க?" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். ரத்தம் கட்டுகிற அளவுக்கு.

அதற்குப் பிறகு ஊரில் எங்களுக்கு வாய்த்ததைப் பகை என்று சொன்னால் குறைவு. எல்லா ஆடும் கட்டில். எல்லா வீட்டிலும் காலையில் அரிவாளோடு தழைக்குப் போக வேண்டும். பெரியம்மா தினமும் வேலி ஓரத்து மரத்தில் ஏறித் தழை வெட்டிக்கொண்டே எங்கள் வீட்டைப் பார்த்துத் திட்டுவாள். "படிச்ச மகராசி கட்டுன கட்டுக்கு நான் மரம் ஏறுறேன்! எந்த நேரத்துல பொறந்துச்சோ! புருசன் வூட்டுக்குப் போனா அங்க மாட்டக் கட்டுவா, மாமியாளக் கட்டுவா!" ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வசனம். குழாயடியில் எங்கள் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். ஒருவர் கொல்லையில் ஒருவர் மாற்றாளாக வேலை செய்கிற பெண்கள் யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

அதைவிட மோசம், எல்லோரும் எங்கள் கொல்லை வழியாக நடக்க ஆரம்பித்தார்கள். சுற்று வழியானாலும் அந்தப் பக்கமாக வந்து, நின்று, பார்த்துவிட்டுப் போவார்கள். பயிர் எப்போது சாகும் என்று பார்க்க. ஒரு ஊரே ஒரு பயிரின் சாவுக்குக் காத்திருந்தது. நானும் அம்மாவும் அது பிழைக்கக் காத்திருந்தோம். வானத்தைப் பார்த்தது எல்லோரும்தான், வேண்டிக்கொண்டதுதான் வேறு வேறு. அந்தப் புரட்டாசியில் மழை தேவையான நேரத்தில் தேவையான அளவு வந்தது. எங்கள் மேல் அன்பு என்று நினைக்காதீர்கள். தற்செயல்.

ஏனென்றால் ஐப்பசியில் அதுவே புத்தி பேதலித்துக் கொட்டியது. கீழே போகிற பாதையில் ஒரு வளைவு அப்படியே சரிந்து பள்ளத்தில் போய்விட்டது. ஜீப் இல்லை, பஸ் இல்லை, ரேஷன் லாரி இல்லை. தீபாவளி வியாபாரியின் வண்டியும் இல்லை. கட்டில் நின்று இளைத்த ஆடுகளை வாங்க ஆளே வரவில்லை. கொழுத்திருந்தாலும் வந்திருக்க மாட்டார்கள் என்று நான் சொன்னதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாப் பழியும் என் முடிச்சின் மேல்தான் விழுந்தது. ஆண்கள் சரிவில் வழுக்கிக்கொண்டு இறங்கி, தலையில் மூட்டை வைத்து அரிசி சுமந்து வந்தார்கள். அதுவும் ஈரம், அதுவும் வீட்டுக்குக் கொஞ்சம்தான். சாமை விளைகிற மலையில், குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச ஒரு பிடி சாமை எந்த வீட்டிலும் இல்லை.

ஒரு காலை பெரியப்பா மூட்டையோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து வேலி ஓரம் உட்கார்ந்தார். நான் எட்டிப் பார்த்துச் சொன்னேன்.

"ரேஷன்ல போடறான், துன்னுங்க பெரியப்பா."

சொல்லியிருக்கக் கூடாது என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

கார்த்திகையில் கதிர் முற்றிய நேரத்தில் மறுபடி மேகம். சாமையைத் தாளோடு அறுத்து, பாறையில் காயப்போட்டு, மாடு விட்டு மிதிப்பதுதான் முறை. காய வெயில் இல்லை, மிதிக்க மாடு தருவார் இல்லை. அம்மாவும் நானும் தாளை விட்டுவிட்டுக் கதிரை மட்டும் கிள்ளிக் கூடையில் போட்டோம். தூறலில், நெகிழித் தாளைத் தலையில் கட்டிக்கொண்டு, முதுகு இரண்டாகப் போகும்வரை. வீட்டுக்குள் அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் பரப்பிப் புகையில் காய வைத்தோம். வீடு முழுக்கப் புகை. கண் வீங்கி நான் தவளை மாதிரி இருந்தேன். அம்மா அவ்வப்போது ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பாள். நசுங்கினால் திரும்பப் பரணுக்கு. ஒரு நாள் கடித்தபோது 'டிக்' என்று சத்தம் கேட்டது. அவள் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. "ஆச்சு" என்றாள்.

பாதி மழையில் கொட்டிப் போயிருந்தது. வந்தது, விதைத்ததைப்போல் சில மடங்கு. மொத்தத்தையும் தொம்பையில் போட்டாள். "ஒரு நாள் பொங்கித் துன்னலாம்மா" என்றேன். "வெதைய எவ துன்னுவா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். சாமையை வீட்டில் வைத்துக்கொண்டு ரேஷன் அரிசிச் சோறு தின்றோம்.

தையில் கிடாவை வெட்டினார்கள். தேக்கு இலையில் பங்கு பங்காகக் கட்டி வீடு வீடாக அனுப்பினார்கள். எங்கள் வாசல் வரை வந்த பையன் திரும்பி அடுத்த வீட்டுக்குப் போனான். அப்பா அப்போது குடகிலிருந்து வந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். வேலி தாண்டிக் குழம்பு வாசனை வந்தது. ஆறு தலைமுறையாக ஊரில் இருக்கிற வீட்டுக்குப் பங்குக் கறி வரவில்லை என்றால், எங்கள் பக்கத்தில் அது செத்த வீட்டுக்கு யாரும் வராத மாதிரி.

இந்த வருடம் சித்திரையில் மறுபடி சீக்கிரமே மழை. மண் மறுபடி வெண்ணெய். ஊரில் விதை எங்கள் தொம்பையில் மட்டும்.

பெரியப்பா வந்தார். வாசற்படிக்கு வெளியே நின்றார்.

"வெதை வேணும். ஊருக்கு."

"உள்ள வந்து உக்காருங்க மாமா" என்றாள் அம்மா.

"உக்கார வரல."

நான் குறுக்கே புகுந்தேன். "கிடா எப்பக் கட்டுவீங்க?"

"ஆனியில. எப்பவும் போல."

"அப்ப வெதையும் ஆனியில. எப்பவும் போல."

"இப்பத்தான் மண்ணு ஈரமா கீது!"

"அது எனக்குத் தெரியும். ஆட்டுக்குத் தெரியாதே."

"நான் உங்கிட்ட பேசல. உங்கம்மாகிட்ட பேசறேன்."

அம்மா சொன்னாள், "அவ சொன்னதுதான் மாமா. ஆடு அவுந்து கீற ஊர்ல வெதைய எடுத்து ஆட்டுக்கா போடுவீங்க?"

"திருவிழா இல்லாம கிடாவக் கட்டறதா? உங்களுக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு" என்று போய்விட்டார்.

என் வீராப்பு வெளியே மட்டும்தான். ஆடு அவிழ்ந்திருந்தால் நாங்களும் விதைக்க முடியாது. மண் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தது. அம்மா காலையில் எழுந்து ஒரு கட்டி மண்ணை எடுத்து உடைத்துப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். குடுத்துத் தொலைத்திருக்கலாமோ என்று நான் யோசிக்கத் தொடங்கிய வேளையில் இன்னொரு மழை பெய்தது.

மறுநாள் காலையில் மணிச் சத்தம். நடந்து போகிற மணி இல்லை, ஒரே இடத்தில் நின்று தலையை ஆட்டுகிற மணி. ஓடிப் போய்ப் பார்த்தேன். பறை இல்லை, பூசை இல்லை, கூட்டம் இல்லை. பெரியப்பா ஒண்டியாக நின்று ஒரு இளங்கிடாவைப் புங்க மரத்தில் கட்டிக்கொண்டிருந்தார், பல்வலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. ஒரு கற்பூரம் மட்டும் எரிந்தது.

"உன் மூஞ்சிக்காகக் கட்டல" என்றார். "மண்ணுக்காகக் கட்டறேன். அம்மன் கண்ணக் குத்துனா மொதல்ல உன்னத்தான் குத்தும்."

"குத்தட்டும். கட்டு நல்லா இறுக்கமா கீதா?"

வீட்டுக்கு ஒருவராகப் பாத்திரத்தோடு வந்தார்கள். யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியம்மா பாத்திரத்தை நீட்டிவிட்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா படியால் அளந்து போட்டாள். தொம்பையில் பாதி இறங்கியதும் நிறுத்தினாள்.

"மீதி?" என்றார் பெரியப்பா.

"அது ரெண்டாவது மழைக்கு மாமா."

"மொதல் மழயே நல்லாத்தான கீது?"

"போன வருசம் ஆனியிலயும் இதத்தான் சொன்னீங்க" என்றேன் நான்.

"திமிரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அம்மா பின்னாலேயே வாசல் வரை போனாள்.

"மாமா, தையில எங்க வூட்டுக்குப் பங்குக் கறி வரல."

"மறந்துருப்பாங்க."

"இந்தத் தையில மறக்க வேணாம். நெஞ்செலும்பா பாத்துக் குடுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேலியைத் தாண்டினார். அம்மா உள்ளே வந்து தொம்பையின் வாயில் மண் பூசி அடைத்தாள். நான் அதன் மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன்.

இப்போது வைகாசி. முளைத்திருக்கிறது. நேற்றிலிருந்து வானம் வெறுமையாக இருக்கிறது, ஆப் குடை காட்டுகிறது, நான் நம்பவில்லை. வேலி ஓரத்து மரத்தில் பெரியம்மா தழை வெட்டிக்கொண்டே திட்டுகிறாள். இந்த வருடம் புது வசனங்கள், என் கண்ணைப் பற்றி, என் படிப்பைப் பற்றி. ஒவ்வொரு காலையும் அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு டீ இறங்குகிறது. அவள் திட்டுகிற வரை ஆடுகள் கட்டில் இருக்கின்றன. என்றைக்கு அந்தப் பக்கம் சத்தம் வரவில்லையோ, அன்றைக்குத்தான் நான் கம்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓட வேண்டும்.